சுவரைப் பார்த்துத் தலையாட்டியவள்

உச்சி வெயிலில் சுவர் மூச்சுவிட்டது. செவ்வந்தி தன் கண்ணாலேயே பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் ‘க’ என்ற எழுத்து மெல்ல நகர்ந்தது. கூடவே சுவரும் நகர்ந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினால் யாருமில்லை. அவள் திரும்பி நின்ற பிறகும் வீடு மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன், கச்சிராயபாளையத்தில் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரிலிருந்து விழுந்தவள் அவள். கரும்புக் கட்டுகளுக்கு மேல் பதினோரு பெண்களை உட்காரவைத்து ஓட்டிய முதலாளி, மறுநாள் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். அவரை எந்தப் பேயும் பிடிக்கவில்லை. செவ்வந்திக்கு மண்டை உடையவில்லை. உள்ளே மூளை குலுங்கியிருந்தது; அன்றிலிருந்து தலைசுற்றல்.

கள்ளக்குறிச்சியில் அதற்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அஸ்ரின், எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்டச் சொல்லியிருந்தாள். அரை நிமிடம், மூன்று வேளை. மூன்று வாரத்தில் செவ்வந்தி தனியாகக் கடைக்குப் போய்வந்தாள். கரும்பு வெட்டு முடிவதற்குள் வயலுக்குத் திரும்பும் அவசரத்தில் அரை நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கினாள். நான்காம் நாள் வாசலில் சரிந்தாள்.

எதிர்வீட்டு லட்சுமியம்மாள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“செவுத்தப் பாத்து தலைய ஆட்டிக்கினு கீறாளே, இது இன்னா வைத்தியம்? கரும்புக் கொல்லையில எதையோ மெதிச்சுட்டா, தனசேகரா.”

செவ்வந்தியின் புருஷன் தனசேகரன் அதை நம்பினான். வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் பம்பை மேளத்தோடு பூசாரி பிச்சைமுத்துவை அழைத்துவந்தான்.

“முடிய அவுத்துவுடு தாயி. தலைய நல்லா சுத்தி ஆடு. தானா எறங்கிடும்.”

பம்பை அதிர்ந்ததும் தரை எழும்பியது. அவள் உடம்பு ஆடியது. வாசலில் கூட்டம் கத்தியது: “வருது, வருது!” அந்த நொடியில் செவ்வந்தியே நம்பிவிட்டாள். தோளுக்கு மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தலையைச் சுழற்றினால் அது போய்விடும். நாளைக்கே அரிவாளை எடுக்கலாம். தனசேகரனின் கை அவள் கொண்டையை அவிழ்க்க வந்தது. இன்னொரு முறை தலை குலுங்கினால் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்று அஸ்ரின் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“கைய எடுய்யா. குலுங்கித்தான் இப்படி ஆச்சு. திரும்பவும் குலுக்குனா நான் பொணம்.”

“பேசறது அவ இல்ல,” என்றாள் லட்சுமியம்மாள்.

“நான்தான்க்கா. போன மாசம் வாங்கினு போன சல்லடைய இன்னும் குடுக்கல நீ. பேய்க்குத் தெரியுமா அது?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிச்சைமுத்து பம்பையை நிறுத்தினார். “பேய்க்கு எல்லாம் தெரியும்மா.”

தனசேகரன் குரலைத் தாழ்த்தினான். “உன் பின்னாடி யாரும் இல்லியா?”

“நிக்குறாப்புலதான் கீது. ஆனா யாருமில்ல.”

அவன் நீட்டிய கையை எடுத்துக்கொண்டான். பிறகு பூசாரியிடம், “நீங்க கெளம்புங்க,” என்றான்.

பத்து நிமிடம் ஆட்டியதைக் கேட்டு, போனில் அஸ்ரின் திட்டித் தீர்த்தாள். “அஞ்சு நாள் சும்மா இருங்க. அப்புறம் பத்து நொடியில தொடங்குங்க. தலைசுத்தல் மறுபடி வரும், போகும். அவசரப்பட்டா ஜாஸ்திதான் ஆகும்.”

அந்தப் பருவத்து வெட்டு செவ்வந்தி இல்லாமலே முடிந்தது. ஆறாம் நாள் அவள் சுவருக்கு முன் நின்றாள். தனசேகரன் பத்து வரை எண்ணினான். எண்ணும்போது அவளைப் பார்க்கவில்லை; அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். திறந்த கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான், செருப்பைக் கழற்றாமல்.