மாமியார் சொன்ன பதில்

பெரிய மருமகள் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தது, கல்யாணம் கூடிவரும்வரை பொழுது போகட்டும் என்பதற்காகத்தான். கல்யாணமாகிப் பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகும் அந்தப் பொழுது போய் முடியவில்லை.

வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பது அவள் வேலை. கேள்வியைத் திரிக்காதே, பதிலை எடுத்துக் கொடுக்காதே, கேட்டதை வெளியே விடாதே என்று ஓதி ஓதி வீட்டிலும் அதே வாய் வந்துவிட்டது. "சாப்பாடு எப்படி?" என்றுதான் கணவனைக் கேட்பாள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் பதிலை எடுத்துக் கொடுத்ததாகிவிடுமாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி முன்னாள் தையல்காரி. இடுப்பளவு எடுத்து முடிப்பதற்குள் தெருக்கதையைக் கறந்துவிடுவாள். கறந்ததைச் சூடு ஆறுவதற்குள் ஊற்றியும் விடுவாள். அலுவலகத்தில் அவள் பெயர் வானொலி.

"ஓட்டைப் பானைக்கு மூடி எதுக்குங்க? அனுப்பிடுங்க," என்றார் திட்ட அதிகாரி. வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்ல வேண்டியவள் பெரிய மருமகள்.

அந்தச் சமயத்தில்தான் முதியோர் நல ஆய்வுக்கான குலுக்கலில் அவள் வீடே விழுந்தது. சொந்த வீட்டில் தானே கேட்கக்கூடாது என்பது விதி. வானொலி வந்தாள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்று, கற்றுக்கொடுத்தவளையும் சேர்த்து வாசலுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

'வீட்டில் இருப்பவர்கள் உங்களை எப்படி நடத்துகிறார்கள்?' என்ற கேள்வியைச் சேர்த்ததே பெரிய மருமகள்தான். இப்போது அது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாமியாரின் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு மட்டும் தெருவரை கேட்டது.

"என்ன அத்தை, எல்லாம் சொல்லிட்டீங்களா?"

"மனசுல கிடந்ததைக் கொட்டிட்டேன்மா. ரகசியமா வச்சுக்குவாங்களாமே, நல்ல ஏற்பாடு!"

அன்று பெரிய மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் வானொலியை மடக்கினாள்.

"எங்க அத்தை என்னதான் சொன்னாங்க?"

"எந்த அத்தை, மேடம்?"

"விளையாடாதீங்கக்கா. நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லுங்க."

"தலையாட்டினாக்கூட சொன்ன கணக்குதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் என்ன வெளியாளா?"

"நீங்கதான் மேடம் முதல் வெளியாளு. கேள்வியே உங்களைப் பத்தினது."

பெரிய மருமகள் பிரம்மாஸ்திரத்தை எடுத்தாள். "உங்க வேலை என் கையில இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

வானொலி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. "சொன்னா போகும்னு தெரியும் மேடம். சொல்லலன்னாலும் போகுமா?"

பெரிய மருமகள் எழுந்தாள். நேராக அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"அவங்களை வச்சுக்கலாம் சார். நானே நோண்டிப் பார்த்துட்டேன், ஒரு சொல் வரல."

"அட, சோதனை வச்சீங்களா? கெட்டிக்காரிங்க நீங்க."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் கௌரவமாக முடிந்திருக்கும்.

"சோதனை இல்ல சார். நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். வேலை போயிடும்னு மிரட்டியும் பார்த்தேன்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரி, அவங்களை வச்சுக்கலாம். உங்களை என்ன பண்றது?"

செய்தது இதுதான்: வானொலிக்கு வேலை உறுதியாயிற்று, ரகசியம் காப்பது பற்றிய அடுத்த வகுப்பையும் அவளே எடுத்தாள். முதல் வரிசையில், புதியவர்களுக்கு நடுவே, பெரிய மருமகள் கை கட்டி அமர்ந்திருந்தாள்.

"புரியுற மாதிரி ஒரு உதாரணம் சொல்லட்டுமா?" என்றாள் வானொலி.

"சொல்லுங்க," என்றாள் பெரிய மருமகள். "பேர் மட்டும் வேண்டாம்."