நாற்பத்திரண்டாம் நாள் பெரட்டு

பனிமூட்டத்துக்குள் நின்ற அந்த அம்மாவின் கூடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதன் கயிறு நெற்றியில் அழுந்தியிருக்கும். கூடைக்குள் ஒன்றும் இருக்காது. என் முப்பது வயதுகளில், இலங்கையில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. காலைப் பெரட்டில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று அனுப்புவது என் வேலை. நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள். எண்பது வயது கடந்த பிறகும் தொண்ணூற்றாறு நினைவிருக்கிறது. மீதி இருபத்திரண்டும் எங்கே போயின என்று கவலையாக இருக்கிறது.

அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை. கொழுந்து எது, முற்றிய இலை எது என்று தெரியாமல் போனதும் தோட்டத்துத் துரை அதை அடித்து நீக்கிவிட்டார். அதுவும் அந்த அம்மாவுக்கு மறந்துபோனது. தினமும் வந்து நின்றார். பெயர் கூப்பிடாமல் நகரமாட்டார், சாப்பிடவும் மாட்டார். அவருடைய கணவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பெரியவர், என்னிடம் வந்தார்.

“எழுத வேணாங்கய்யா. கூப்பிட்டா மட்டும் போதும். ‘இருக்கேங்க’ன்னு சொல்லிட்டு லயத்து வீட்டுக்கு வந்துரும்.”

நாற்பத்தொரு நாள் கூப்பிட்டேன். நாற்பத்திரண்டாம் நாள் துரை என் தோளருகே நின்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடுமோ என்று பயந்து, அந்தப் பெயரை விட்டுவிட்டேன். துரை போனார், ஆள்கள் கலைந்தார்கள், மழை தூறியது. அந்த அம்மா மட்டும் நின்றார். பெரியவர் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

பெரியவர் நான் நிற்கும் மேட்டில் ஏறினார். என்னைப் போலவே குரலை இழுத்து மனைவியின் பெயரைக் கூப்பிட்டார். ‘ஏ புள்ள’ என்பதைத் தவிர அவர் வேறெப்படியும் அழைத்து யாரும் கேட்டதில்லை.

“இருக்கேங்க, கணக்கப்புள்ளை ஐயா! எந்த மலைக்குங்க?”

“இன்னிக்கு லயத்துலதான் வேலை. எறங்கு.”

“புதுக் கணக்கப்புள்ளைக்கு மீச நரைச்சிருச்சுடி!” என்றாள் கீழே போய்க்கொண்டிருந்த ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து லயத்து வாசலிலேயே பெரியவர் பெயர் கூப்பிட்டார். என் வேலை தப்பியது. ஆனால் அந்த அம்மாவுக்கு அவர் முகம் கணக்கப்பிள்ளையின் முகமாகவே நின்றுவிட்டது. புருஷன் என்று பிறகு ஒருநாளும் அறியவில்லை. அந்தப் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு நொடி.

கடைசியாக நான் அவர்கள் லயத்துக்குப் போனபோது, பெரியவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கூச்சத்தோடு முகத்தைத் திருப்பினார்.

“உங்களுக்கு ஏங்கய்யா இந்த வேலை? எம் புருசன் மலையில இருந்து வந்துருவாரு.”

“வருவாரும்மா. வர்ற வரைக்கும் குடி,” என்றார் பெரியவர்.