கண்மாய்ப் பாட்டை எடுக்கச் சொன்னார் மச்சான்

என் மகள் ஒரு ஆல்பம் போட்டாள். ராப் பாட்டு. ராகம் இழுக்காமல், தாளத்தின் மேல் ஏறி நின்று படபடவென்று பேசுவது. அதிலும் இவளுடையது காட்டம். கெட்ட வார்த்தையும் உண்டு. நான் தினமும் திருநீறு பூசி விளக்கேற்றுகிற ஆள். முதலில் கேட்டபோது எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. நடுவில் எங்கள் ஊர்க் கண்மாய் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

போனில் ஆயிரம் பாட்டு வரட்டும், எங்கள் பக்கம் ஒரு பாட்டு விற்க வேண்டுமென்றால் விசேஷ வீட்டில் குழாய் கட்டிய ரேடியோ செட்டில் பாட வேண்டும். அங்கே கேட்டதைத்தான் மினி பஸ்காரரும் டிராக்டர்காரரும் பென் டிரைவில் தேடி வாங்குவார்கள். அதனால் என் மனைவியின் அண்ணனான மச்சான் வீட்டுக் காதுகுத்தில், செட்டுக்காரரிடம் மகளுடைய பென் டிரைவை நானே கொடுத்தேன்.

"எப்பப் போட அண்ணாச்சி?" என்றார்.

"சீர் வாரப்ப போடுங்க. அப்பத்தேன் கூட்டம் நிக்கும்."

தாய்மாமன் சீர்த்தட்டுகள் பந்தலுக்குள் நுழைகிறபோது தாய்மாமன் பெருமைப் பாட்டு போடுவதுதான் வழக்கம். அன்று என் மகள் குரல் வந்தது.

"ஏலே, மீனு நீந்துன எடத்துல மோட்டாரு ஓடுது,
மாடு குடிச்ச தண்ணி எங்கன்னு மண்ணு கேக்குது!"

ஊர்ப் பொதுக் கண்மாயை வளைத்துப்போட்டு, உள்ளே உழுது மோட்டார் வைத்திருப்பது மச்சான்தான். பந்தலே அவரைத் திரும்பிப் பார்த்தது. பந்தியிலிருந்து ஒரு பெரியவர், "ஏப்பா, எத்தன குதிரச் சக்தி மோட்டாருன்னும் பாடச் சொல்லு!" என்று கத்தினார். சிரிப்பு அடங்குவதற்குள் மச்சான் செட்டை நிறுத்திவிட்டார். ஒரு பென் டிரைவ்கூட விலை போகவில்லை.

பிறகு ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, புள்ள நல்லாத்தேன் பாடுது. குத்தமே சொல்ல மாட்டேன். அந்தக் கண்மாயிப் பாட்ட எடுத்துட்டு, நம்ம ஆளுக பெருமையா ஒண்ணு போடச் சொல்லுங்க. திருச்சுழி, நரிக்குடி பூரா நானே வித்துத் தாரேன்."

மகள் சொன்னாள்: "ஒங்க பெருமைய நீங்களே பேசிக்கிருவீகளே மாமா, நான் எதுக்கு?"

"பாத்தீகளா வாய! சாமி கும்புடுற வீட்டுல பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது? நீங்க சொன்னா கேக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவாள். எனக்கு அதுதான் பயம்.

மாசிக் களரித் திருவிழாவில் கருப்பசாமிக்குச் சாமியாடுகிறவர் இந்த மச்சான்தான். அவர்மேல் சாமி இறங்கினால் இனிக்க இனிக்கவா பேசும்?

"மச்சான், போன களரியில கருப்பு ஒங்க வாயால என்னைய ஊரு முன்னால கூறுகெட்ட பயன்னு வஞ்சது. கையக் கட்டி நின்னேனா இல்லையா?"

"அது சாமி வாக்கு மாப்ள."

"இதையும் அந்தக் கருப்பருதேன் பேச வச்சிருக்காரு. எடுக்க மாட்டா."

"அப்ப விக்காது."

"விக்காமக் கெடக்கட்டும்."

காப்பியைத் தொடாமலே போய்விட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. தன்னைப் புகழ்கிற பாட்டை வாங்க ஆள் உண்டு. தன்னை வைகிற பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்? அதற்காகப் பாட்டு மட்டமாகிவிடுமா?

விற்காத பென் டிரைவெல்லாம் எங்கள் சாமி அலமாரியில் கருப்பர் படத்துக்குக் கீழே இருக்கின்றன. சூடம் காட்டும்போது அவற்றுக்கும் சேர்த்தே காட்டுகிறேன். கேட்டு வருகிறவருக்குக் கொடுப்பேன், கண்மாய்ப் பாட்டோடுதான்.