சீத்தோனின் வெளிமூச்சு

சீத்தோனுக்குத் தன் நெஞ்சின் மேல் சந்தேகமே வந்ததில்லை. சந்தேகமெல்லாம் வாத்தியத்தின் மேல்தான். கேன் என்கிற, மூங்கில் குழல்களைச் சேர்த்துக் கட்டிய அந்த ஊதுவாத்தியத்தை ஒரே வருடத்தில் மூன்று முறை பிரித்துப் போட்டுவிட்டார். நாக்குத் தகட்டை மாற்றினார், மெழுகை மாற்றினார், கடைசியில் செய்து கொடுத்த ஆளையே மாற்றினார். அப்படியும் நாதம் பாதியில் படுத்தது.

அவர் மனைவி புவாலா பாடகி. ஈசான் சீமைப் பக்கத்துப் புத்தர் கோயில் விழாக்களில் இருபத்திரண்டு வருடமாக அவள் பாடுகிறாள், இவர் வாசிக்கிறார். அவளுக்குப் பொல்லாத காது.

“யோவ், அந்த மூங்கில ஏன்யா போட்டு வதைக்கிற? நீ உறிஞ்சுறப்ப கணீர்னு கேக்குது. ஊதுறப்பதான் செத்துப் போகுது. கோளாறு ஒன் நெஞ்சுல.”

“ஆமா, இவ பெரிய டாக்டரு.”

கேன் மூச்சை இழுத்தாலும் பேசும், விட்டாலும் பேசும். ஆகவே வாசிப்பவன் பாட்டு முடியும்வரை நிறுத்தவே வேண்டியதில்லை. சீத்தோனோ ஒரு பாட்டில் நான்கு இடத்தில் நிறுத்தினார். நிறுத்திய இடத்திலெல்லாம் இருமல். வீட்டுப் படி ஒன்பதுதான், ஐந்தாவதிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக இலையில் சுருட்டி இழுத்த புகையிலை சும்மா விடுமா?

மழைக்காலத்தில் பிக்குகள் மடத்தோடு தங்கும் மூன்று மாதமும் கச்சேரி கிடையாது. அது தொடங்குவதற்கு முதல் நாள், குழுத் தலைவர் கம்பொங் வந்து வாசலிலேயே நின்று பேசினார்.

“அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. மழை மாசம் முடியறதுக்குள்ள சரியாகலேன்னா யசோதோன்லருந்து ஒருத்தன வரச் சொல்லிருக்கேன். நீங்க ஸ்பீக்கரு, பெட்டியெல்லாம் பாத்துக்கலாம்.”

ஸ்பீக்கர் தூக்குவதில் சீத்தோனுக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. புவாலாவின் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்து வாசிக்க, அதை மேடைக்குக் கீழே நின்று கேட்பதுதான் முடியாது. மறுநாள் கோயிலில் புகையிலையை விட்டுவிடுவதாக வேண்டிக்கொண்டார். அடுத்த வாரம் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைச் சோதித்தார்கள். காசநோய் இல்லை. “இனி ஊதிப் பாத்தாத்தான் தெரியும்” என்று டாக்டரம்மா அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே ஒராதி என்ற நர்ஸ் அவர் மூக்கில் கிளிப்பை மாட்டி, மெஷினிலிருந்து வந்த குழாயைக் கையில் கொடுத்தாள்.

“நெஞ்சு நெறைய இழுத்துட்டு, வெடிச்ச மாதிரி ஊதணும் மாமா. ஊதிக்கிட்டே இருக்கணும். நடுவுல இழுக்கப்படாது.”

தலையைத் தலையை ஆட்டினார். ஆனால் குழாய் உதட்டில் பட்டதும் புத்தி எங்கே வேலை செய்கிறது? மெல்ல ஊதினார், இழுத்தார், ஊதினார். கண் தானாக மூடிக்கொண்டது. விரல்கள்கூடக் குழாயின் மேல் துளை தேடின. திரையில் கோடு கோணல்மாணலாக ஓடியது.

“நான் ஊதச் சொன்னேன் மாமா. கச்சேரி வைக்கச் சொல்லல.”

இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை இழுக்கவில்லை, ஆனால் ஊதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஒராதி வாசலைப் பார்த்து, “கூட வந்தவங்க யாரு?” என்று குரல் கொடுத்தாள். புவாலா உள்ளே வந்தாள்.

“மிச்சம் புடிக்கிறாரு சிஸ்டர், அடுத்த வரிக்கு. யோவ், அடுத்த வரியே கெடையாது. இருக்கறதெல்லாம் கொட்டு. ம், விடு. விடு, விடு, இன்னும் இருக்கு, எனக்குத் தெரியும், விடு...”

கூடத்தில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சீத்தோன் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, அடிவயிறு ஒட்டும்வரை ஊதினார். “இதுதான் வேணும்” என்று ஒராதி மேலும் இரண்டு முறை அதேபோல் ஊத வைத்தாள். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுக்கக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். “ஊதுற காத்துல பத்துல ஏழு பங்காவது மொத நொடியிலேயே வெளிய வந்துரணும். உங்களுக்கு அஞ்சரைதான் வருது. ஆஸ்துமான்னா மருந்துக்கு நல்லா ஏறும். உங்களுக்கு அசையவே இல்ல. பொகையில மூச்சுக்குழாயச் சுருக்கிருச்சு. இழுக்குறதவிட விடுறதுலதான் உங்களுக்கு நெருக்கடி.”

“இதத்தான நான் போன அறுப்புலயே சொன்னேன்” என்றாள் புவாலா.

டாக்டரம்மா எப்படி என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். “உங்க காதுக்கு ஒரு கும்புடு. ஆனா காத நம்பி நான் மருந்து எழுத முடியாதேம்மா. அதுக்குத்தான் இந்த மெஷினு.”

“கொணமாயிருமா?” என்று கேட்டார் சீத்தோன்.

“போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம். இந்த மருந்த ரெண்டு வேளையும் இழுங்க. தெனம் நடங்க. பொகையிலைய மறந்துருங்க.”

“வாசிக்கலாமா?”

“தாராளமா. மூச்சு வாங்குனா நிறுத்திக்கங்க.”

சீத்தோனுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதார்.

மறுநாளிலிருந்து வரப்பில் நடந்தார், மருந்தை இழுத்தார். இழுப்பதில்தான் பலம் என்றால் அதையே நம்பலாமே என்று, நீண்ட வரிகளையெல்லாம் உள்மூச்சுக்கும் குட்டை வரிகளை வெளிமூச்சுக்கும் மாற்றிப் பழகினார். முப்பது வருடப் பழக்கத்தைத் தலைகீழாக்குவது லேசா என்ன? பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு திணறினார். பிறகு பிடிபட்டது.

மழை மாதம் முடிந்து, கோயிலில் பிக்குகளுக்குத் துவராடை கொடுக்கும் விழாக் காலை. கம்பொங் முன்வரிசையில் இருந்தார். யசோதோன்காரன் மடியில் வாத்தியத்தோடு பக்கத்தில். சீத்தோன் தொடங்கினார். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவதில் ஒரு இடத்திலும் நாதம் அறவில்லை. மூன்றாவதில் பாதி தாண்டியதும் நெஞ்சு அடைத்தது. இன்னும் ஒரு வரிதான் தாங்கும், அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வரியின் முடிவில் புவாலா நிறுத்தினாள். “தொண்ட காஞ்சு போச்சுய்யா. யாராச்சும் தண்ணி குடுங்க. இருபத்திரண்டு வருசமாப் பாடுறேன், ஒருத்தரும் ஒரு வாய் குடுத்ததில்ல” என்றாள். கூட்டம் சிரித்தது. ஒருவர் குவளையைக் கொண்டுவந்தார். அவள் நின்று நிதானமாகக் குடித்து முடிப்பதற்குள் சீத்தோனுக்கு மூச்சு திரும்பியது. மிச்சப் பாட்டை முழுதாக வாசித்து முடித்தார்.

கம்பொங் மேடைக்கு வந்தார். “அடுத்த வாரம் கலாசின்ல கச்சேரி அண்ணே. ரெண்டு பேரும் வந்துருங்க.”

அவர் போனதும் சீத்தோன் கேட்டார்: “எனக்காகத்தான நிறுத்தின?”

“நெனப்புதான் பொழப்பக் கெடுக்குது. எனக்குத் தொண்ட காஞ்சுது, நிறுத்துனேன்.”

சீத்தோன் எழுந்து போய் இன்னொரு குவளை தண்ணீர் மொண்டு வந்து அவளிடம் நீட்டினார். அவள் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, துளித் தாகமும் இல்லாமல் அதையும் குடித்து முடித்தாள்.