ரெஜினா மேடம் சர்வர் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

போனில் செய்தியைச் சொன்னது எங்கள் அலுவலகத்துத் தனலட்சுமி. போன புதன்கிழமை காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "சார், ரெஜினா மேடம் போயிட்டாங்க சார்" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். மறுமுனையில் அழுகைதான் வந்தது. நெஞ்சுவலி என்று விடியற்காலை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

காரைக்காலில் கணினி வைத்து வேலை செய்யும் சின்ன அலுவலகம் எதுவாக இருந்தாலும், கணினியைச் சரிபார்க்க வரும் அவரைத் தெரிந்திருக்கும். தோளில் கறுப்புப் பை, ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் கேபிள் சுருள், கழுத்தில் சின்னச் சிலுவை. அவருடைய அக்கா குடும்பம் பிரான்சில் இருக்கிறது. பலமுறை கூப்பிட்டும் அவர் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அங்க போயி நான் யாரு மிஷினைப் பாக்குறது சார்?" என்றார். இங்கே கூடியிருக்கும் உங்களில் ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். எனக்குச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

திருமலைராயன்பட்டினத்தில் படகு உரிமையாளர் சங்கம் ஒன்றுக்கு நான் மேலாளர். அலுவலகத்தில் ஒன்பது கணினிகள். யார் உள்ளே வரலாம், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று அந்த ஒன்பதுக்கும் சொல்வது மூலையில் இருந்த ஒரு சர்வர். டொமைன் கன்ட்ரோலர் என்பார்கள். "இந்த ஆபீசுல யாரு யாருன்னு முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆளு இதுதான்" என்பார் ரெஜினா. அது பழசாகி, உள்ளே மண்ணை அரைப்பது போலச் சத்தம் போட ஆரம்பித்தது. புதுசு வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும் என்று அவரை வரவழைத்தோம். தை மாதம் அது. அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் சார். பெரிய போட்டெல்லாம் கரையில கெடக்கும். சின்னதுங்க மட்டுந்தான் போவும். இப்ப அம்பது போட்டு ஆளுங்க கடல்ல இருக்கிறப்ப நான் அதுல கை வைக்க மாட்டேன்."

கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகிலும் யார் யார் ஏறினார்கள் என்ற பதிவு எங்கள் சர்வரில்தான் இருந்தது. அதை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. முதல் நாள் வந்தபோது கணினியை விட்டுவிட்டு ஒவ்வொரு மேசையாகப் போய், "நீங்க காலையில வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டே தெரிந்துகொண்டார். பத்து வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கும் நான் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

தடைக்காலம் வந்தது. மாற்றத்துக்கு முந்தைய வாரம், சர்வரில் இருந்த பயனர் பட்டியலை உரக்கப் படித்தார். ஒன்பது கணினிக்கு முப்பத்தொரு பெயர்கள். ஓய்வு பெற்றவர், வேலையை விட்டவர் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் கோடிட்டுக்கொண்டே வந்தார். காளியப்பன் என்ற பெயர் வந்ததும், அவர் உயிரோடு இல்லை என்றேன். எங்கள் எழுத்தர். மூன்று வருடத்துக்கு முன் விபத்தில் இறந்துபோனார். "ஆனா இந்தப் பேருல இன்னைக்குக் காலையிலகூட யாரோ வந்திருக்காங்களே" என்றார் ரெஜினா.

அது தனலட்சுமி. காளியப்பனின் மனைவி. கணவரின் வேலையை அவருக்குக் கொடுத்தோம்; கணவரின் கடவுச்சொல்லையும் கொடுத்தோம். சர்வரில் அவருக்கென்று ஒரு பயனர் பெயர் போட்டுத்தர யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு காலையும் அந்தப் பெண் செத்துப்போன புருஷனின் பெயரைத் தட்டித்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

ரெஜினா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க பேருல ஒண்ணு போட்டுத் தர்றேன். அவர் பேரை எடுத்துரட்டுமா, இருக்கட்டுமா? நீங்கதான் சொல்லணும்."

தனலட்சுமி திரையில் இருந்த அந்தப் பெயரைப் பார்த்தார். "எடுத்துருங்க மேடம். அவரும் எத்தினி நாளைக்குத்தான் வேலை செய்வாரு" என்றார். அழவில்லை. தன் பெயரைத் தானே தட்டிப் பார்த்து, எழுத்து சரியா என்று இரண்டு முறை கேட்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. புது சர்வர் வெள்ளிக்கிழமையே வந்து பழையதிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தது. காலை ஒன்பதரைக்குப் பொறுப்பை முழுதாகப் புதியதற்கு மாற்றிவிட்டு, ரெஜினா பழையதை நிறுத்தினார். "புதுசு தனியாத் தாங்குதான்னு இன்னைக்கு முழுக்கப் பாக்கணும்." அந்த அரைக்கும் சத்தம் நின்றதும் அறையே பெரிதானது போல இருந்தது.

பதினொரு மணிக்கு வாசலில் சத்தம். விடியலுக்குள் திரும்பியிருக்க வேண்டிய ஒரு ஃபைபர் படகு வரவில்லை. படகுக்காரர் சுரக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. மீட்புக்குக் கிளம்புகிறவர்கள் படகின் எண், ஏறியவர்கள் பெயர், அவர்களின் கைப்பேசி எண் கேட்டார்கள். செல்வி என்ற பெண் நேராக என் மேசைக்கு வந்தார். அவர் கணவர் இரண்டு படகுகளில் மாறி மாறிப் போகிறவர். "எங்க ஊட்டுக்காரரு அதுல ஏறுனாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சார்."

பதிவு மென்பொருள் தனலட்சுமியின் கணினியில் மட்டும்தான் இருந்தது. அவர் திறந்தார். சர்வர் கிடைக்கவில்லை என்றது. மறுபடி திறந்தார். அதே பதில்.

எங்கள் சங்கத் தலைவருக்குத் தனலட்சுமி மேல் கோபம் தலைக்கேறியது. "என்னத்தம்மா பண்ணித் தொலைச்ச? புதுப் பேரு, புதுப் பாஸ்வேர்டுன்னு எல்லாத்தையும் மாத்தி வெச்சுக்கிட்டு! பழைய பேருல ஒழுங்காத்தானே ஓடுச்சு!"

தனலட்சுமியின் விரல்கள் விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டன. ரெஜினா அதற்குள் மேசையருகில் மண்டியிட்டு, அந்தக் கணினியின் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டிருந்தார். எழுந்தார்.

"தலைவரே, அவங்க மேல தப்பில்ல. நாந்தான். எல்லா மிஷினுக்கும் புது சர்வர் விலாசத்தைச் சொல்லிக் குடுத்தேன், இதுக்கு மட்டும் யாரோ பழசைக் கையால எழுதி வெச்சிருக்காங்க. நான் பாத்திருக்கணும். பாக்கல."

"அப்ப பழசைப் போடுங்க மேடம்!"

"அது எழுந்திரிக்க இருபது நிமிஷம் ஆவும். எழுந்திரிக்குமான்னும் தெரியாது. எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க."

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த அறையில் ஒருவருக்கும் உண்மை தெரிந்திருக்காது. பழி ஏற்கெனவே ஓர் இடத்தில் இறங்கிவிட்டது. வாங்கிக்கொள்ள ஆளும் உட்கார்ந்திருந்தது. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். தனலட்சுமிக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்கு நிமிடத்தில் திறந்தது. ஐந்து பெயர்கள். மூன்றாவது பெயர் செல்வியின் கணவருடையது. தனலட்சுமி எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் போனில் சொன்னேன். செல்வி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். ரெஜினாவும் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. மூன்று மணிக்குத் தகவல் வந்தது: என்ஜின் பழுதாகி நின்றிருக்கிறது, வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வருகிறது, ஐந்து பேரும் நலம்.

தலைவர் சிரித்த முகமாக வந்தார். "விடுங்க மேடம், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு." ரெஜினா எங்கள் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, எந்தக் கணினியை எப்படி விட்டுவிட்டேன் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நல்லபடியா முடிஞ்சதுனால தப்பு இல்லைன்னு ஆயிடாது தலைவரே. அடுத்து வர்ற ஆளு இதைப் படிக்கணும்."

அதோடு விட்டிருந்தால் நல்ல வேலைக்காரர் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். மறுநாள் காலை வந்தவர், "செல்வி வீடு எங்க சார் இருக்கு?" என்றார். கூட்டிப் போனேன். செல்வியின் கணவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். ரெஜினா வாசலிலேயே நின்று சொன்னார்: "நேத்து உங்களை நிக்க வெச்சது என்னோட தப்பும்மா. அந்தப் பேரு அஞ்சு நிமிஷம் முந்தியே வந்திருக்கணும்."

செல்விக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் அவர் ரெஜினாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்த விதம் எனக்கு மறக்கவில்லை. "எங்ககிட்ட வந்து யாரும் இப்புடிச் சொன்னதில்ல மேடம். உள்ள வாங்க" என்றார். காலை எட்டு மணிக்கு எங்கள் இருவருக்கும் சோறும் மீன்குழம்பும் போட்டார். ரெஜினா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "உங்களுக்குப் பயமா இல்லையா மேடம்? பேரு கெட்டுப்போயி, வேலை வராமப் போயிடுமேன்னு?"

"பயந்தான் சார்" என்றார். "ஆனா தப்பு எங்கேன்னு சொல்லாம எதையும் சரி பண்ண முடியாது. மிஷினுக்கும் அதான், நமக்கும் அதான்."

அவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. நகரத்து அலுவலகங்களெல்லாம் வந்திருந்தன. திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். அதில் செல்வியும் கணவரும் இருந்தார்கள். தனலட்சுமி மண் போட்டுவிட்டு, கையைத் துடைக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் சங்க வாசலில் நாற்பது படகுக்காரர்கள் கோபமாக நின்றார்கள். அன்று படகு ஆய்வு என்று நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியை நம்பி வேலையை விட்டு வந்திருக்கிறார்கள், ஆய்வு மறுவாரம்தான். இத்தனை வருடமும் இதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு." இல்லாவிட்டால் செய்தியைத் தட்டியவரின் பெயரைச் சொல்லிவிடுவேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "தேதியைத் தப்பா எழுதிக் குடுத்தது நாந்தாங்க" என்றேன்.

குரல் நடுங்கியது. ரெஜினாவுக்கு நடுங்கியதில்லை. யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போல அவர் சொன்னார். எனக்கு அது வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். ரெஜினா மேடத்திடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். ஐம்பத்து நான்கு வயதில், முதல் தடவையாக.