அப்பா அம்மாவின் இரண்டாம் கல்யாணம்

என் அப்பா அம்மா கல்யாணத்தை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள். எனக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, வாஸ்தவம்தான். புத்தி ஒன்றும் பிசகவில்லை.

யுத்த காலம். அப்பா ஒரு சரக்குக் கப்பலில் கணக்கர். நடுக்கடலில் நீர்மூழ்கிகள் இரண்டு சேர்ந்து அதை அடித்து மூழ்கடித்துவிட்டன. யாரும் பிழைக்கவில்லை என்று தந்தி வந்தது. உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் முடித்தார்கள். அம்மாவின் தாலியைக் கழற்றினார்கள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்க்கப் பயந்து, நான் அவள் முதுகுப் பக்கமாகவே திரிந்தேன்.

சில மாதம் கழித்து, கோட்டை மதிலுக்குள் இருந்த எங்கள் அக்ரஹாரத் தெருவில் அப்பா நடந்து வந்தார்! படகில் மிதந்தவரை வேறொரு கப்பல் தூக்கி, ஏதோ தூரதேசத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததாம். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். பெரியப்பாவோ வாசலில் கையை விரித்து மறித்தார்.

“உள்ள வராதேடா! உனக்குக் காரியம் பண்ணியாச்சு.”

“பின்னே நான் யாராக்கும்? பிசாசா?” அப்பாவுக்கு வந்ததே கோபம்!

கதவுக்குப் பின்னால் அம்மா அழுதாள். புருஷன் வந்துவிட்டார், தாலி வருமா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

புரோகிதம் பண்ணும் வாத்தியாரை அழைத்து வந்தார்கள். அவர் வழி சொன்னார். காரியம் நடந்துவிட்டவர் மறுபடி பிறக்க வேண்டும். பெயர் வைத்து, பூணூல் போட்டு, அதே பெண்டாட்டியைத் திரும்பவும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த முகூர்த்தத்துக்குத் தெருவே திரண்டது. அப்பாவுக்கு நெய் தடவிக் குளிப்பாட்டிக் காதில் பெயர் சொன்னார்கள்.

“குழந்தைக்கு மீசை நன்னா வளந்திருக்கு, கேட்டேளா!” என்றாள் அத்தை. நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டேன். பாயசம் போதும் போதும் என்கிற வரைக்கும் கிடைத்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வீடு அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

தாரை வார்த்துக் கொடுக்க, தகப்பன் ஸ்தானத்தில் இருந்த மாமா மடியில் அம்மாவை உட்கார்த்தினார்கள். அவள் எதிரே நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கல்யாணப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கணும்” என்று அதட்டினார் வாத்தியார்.

“மாட்டேன்” என்றாள் அம்மா, சபையே கேட்கும்படி. “ஒருதரம் கண்ணை எடுத்தேன், கடல் கொண்டுபோயிடுத்து. நீங்க மந்திரத்தைச் சொல்லுங்கோ.”

அப்பா அழுதுகொண்டே தாலியைக் கட்டினார்.