ஏழாவது கேஜும் ஒரு சிரிப்பும்

பஞ்சுத் துண்டு ஒரே திசையில் போனது, திரும்பி வரவில்லை. அழுக்கானதை எறிந்துவிட்டு அடுத்த துண்டு. நாலாவது துண்டு வெள்ளையாகவே வந்தது. நகத்தளவு மெல்லிய தகட்டை டேப்பின் நுனியில் ஏந்தி, பென்சில் கோட்டின்மேல் வைத்து, ஒரு சொட்டுப் பசை விட்டு, கட்டை விரல் அழுத்தியது. ஒன்று, இரண்டு, மூன்று...

அறுபது எண்ணும்வரை ஹெலிகாப்டர் கொட்டகையில் யாரும் அந்த அக்காவிடம் பேசமாட்டார்கள். அந்தப் பசை விரலின் சூட்டிலும் அசையாத அழுத்தத்திலும்தான் பிடிக்கும். வீட்டிலும் அப்படித்தான். மகள் விழுந்து முட்டியில் ரத்தம் வந்தபோது துணியை வைத்து அழுத்தி அறுபது எண்ணியிருக்கிறார். "அம்மா, இது ஹெலிகாப்டர் இல்ல, என் முட்டி" என்றாள் மகள். அறுபது முடிந்துதான் பதில் வந்தது.

அவர் ஒட்டும் அந்தத் தகட்டுக்குப் பெயர் கேஜ். ஹெலிகாப்டரின் தலைமேல் சுழலும் இறக்கை வளையும்போது தகட்டுக்குள் இருக்கும் இழையும் நீளும். எவ்வளவு வளைகிறது என்பது தரையில் உள்ள அறையில் எண்ணாக ஓடும். புதுமாதிரி இறக்கை தாங்குமா என்று பறந்து பார்ப்பவர்களுக்கு அந்த எண்தான் கண். எட்டு வருடம் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர் அவர். சுத்தம் செய், சொரசொரப்பாக்கு, உலர விடு, தொடாதே: அங்கேயும் இங்கேயும் ஒரே பாடம். மற்றதைப் பாழாய்ப்போன கேஜ்களை உரித்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். மேல்பையில் எப்போதும் ஒரு பென்சில் ரப்பர் இருக்கும். ஒட்டிய கேஜை அதால் லேசாக அழுத்தினால் மீட்டரில் எண் ஏறி, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடியில் பிடிப்பில்லை. அதனால் எல்லாருக்கும் அவர் ரப்பரக்கா.

அன்று ஏழாவது கேஜ். முப்பது எண்ணியிருப்பார். முதுகுக்குப் பின்னால் விமானி இன்ஜினியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வீட்டுக்காரி மின்விசிறியத் துடைக்கச் சொன்னா. சோதனை முடியாத விசிறிகிட்ட அனுமதி இல்லாம போகமாட்டேன்னுட்டேன். அப்போ சாப்பாட்டையும் அனுமதி குடுக்கிறவங்ககிட்டயே கேளுங்கன்னுட்டா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியதில் கட்டை விரலும் அசைந்தது. மறுபடி முப்பதிலிருந்து எண்ணி முடித்தார். ரப்பரால் அழுத்திப் பார்த்தார். எண் ஒழுங்காகத் திரும்பியது. ஆனாலும் நோட்டில் எழுதினார்: "ஏழு. 24 டிகிரி. ஈரப்பதம் 51. நடுவில் சிரித்தேன்."

பன்னிரண்டு கேஜ் ஒட்டிய இறக்கை நாலு முறை பறந்தது. நாலாவது முறை மணிக்கு இருநூறு கிலோமீட்டர் தொட்டார்கள். மாலையில் இன்ஜினியர் காகிதச் சுருளோடு ஓடிவந்தார். இந்த இறக்கைக்காக இரண்டு வருடம் உழைத்தவர்.

"பாத்தீங்களா அக்கா? ஏழாவது இடத்துல பளு குறைஞ்சிருக்கு! நான் சொன்னதுதான் நடந்திருக்கு. நாளைக்கு இருநூத்து நாப்பது. தலைமை அலுவலகத்துல இருந்தெல்லாம் வர்றாங்க."

அக்கா சுருளை விரித்து வெகுநேரம் பார்த்தார். வேகம் கூடக்கூட ஆறும் எட்டும் ஏறியிருந்தன. ஏழு மட்டும் இறங்கியிருந்தது.

"பக்கத்துப் பல்லு ரெண்டும் வலிக்கும்போது நடுப்பல்லு மட்டும் எப்படித் தம்பி சும்மா இருக்கும்?"

"அது டிசைன் அக்கா."

"டிசைனா இருந்தா நல்லதுதான். வாங்க, கேட்டுப் பாத்துடுவோம்."

ஏணியில் ஏறி, கேஜுக்குக் காப்பாகப் பூசிய மேல்பூச்சோடு சேர்த்து ரப்பரால் அழுத்தினார். கீழே மீட்டரைப் பிடித்திருந்த இன்ஜினியர் எண்களைப் படித்தார். ஏறியது. விட்டதும் பாதிவரை இறங்கி நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே.

"நீங்க ஒட்டினதுதானே அக்கா இது?" குரலில் எரிச்சல்.

"நான் ஒட்டினதுதான். அதனாலதான் பொய் சொல்லுதுன்னு நானே சொல்றேன். நாளைக்கு இத நம்பி வேகத்த ஏத்தினா, உண்மையான பளு எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? மேல உக்காந்திருக்கப் போறது நீங்களும் இல்ல, நானும் இல்ல."

"உரிச்சு ஒட்ட எவ்வளவு நேரம்?"

"ஒட்ட ரெண்டு மணி. மேல்பூச்சு காய ஒரு நாள்."

"வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

"பசை காயுதுன்னு சொல்லுங்க. உண்மைதானே?"

மறுநாள் காலை உரித்தபோது தகட்டின் ஒரு மூலையில், அடியில் கடுகளவு வெற்றிடம். பறக்கப் பறக்க அங்கிருந்துதான் பிடிப்பு விட்டிருந்தது. அப்போதுதான் வந்த விமானி, மேசையில் திறந்திருந்த நோட்டை எட்டிப் பார்த்தார். "நடுவில் சிரித்தேன்" என்ற இடத்தில் நின்றார். தேதியைப் பார்த்தார்.

"அடப்பாவமே. என் விசிறிக் கதையா?"

"தப்பு உங்களுது இல்ல கேப்டன். சிரிச்சது நான். அப்பவே உரிச்சிருக்கணும்."

"சரி, நான் வெளிய நிக்கிறேன்."

"வேண்டாம். எதிரே நில்லுங்க. வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்."

பஞ்சு, பஞ்சு, பஞ்சு. கோடு. சொட்டு. கட்டை விரல். அறுபது எண்ணும்வரை விமானி கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கவைத்த பிள்ளைபோல நின்றார்.

அடுத்த நாள் மேல்பூச்சு காய்ந்தது. ரப்பரால் மூன்று முறை அழுத்தினார். மூன்று முறையும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. இறக்கையின் நுனியில் எடை தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கணக்குப்படி ஏழில் வரவேண்டியது வந்தது. இன்ஜினியர் அதைப் பழைய சுருளோடு வைத்துப் பார்த்துவிட்டு, சுருளில் ஏழாவது கோட்டைப் பேனாவால் அடித்தார்.

"இருநூத்து நாப்பது வேண்டாம்" என்றார் பிறகு. "மறுபடி இருநூறுல ஆரம்பிப்போம். ஏழு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு, பத்துப் பத்தா ஏத்தலாம்."

அக்கா நோட்டில் எழுதினார்: "ஏழு. 23 டிகிரி. ஈரப்பதம் 48. யாரும் பேசவில்லை." சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிவிட்டு, விமானியிடம் நீட்டினார்.

"இப்போ பேசலாமா?" என்றார் அவர்.

"பறந்துட்டு இறங்கி வந்து பேசுங்க" என்று தாளை அவர் கையில் கொடுத்தார்.